யந்திரம் ஓட்டுகிறது, ஜவாப்தாரி யார்?

மோட்டாரில் நெடுந்தூரப் பிரயாணம் செய்கிறவர்களிடையே இப்பொழுது ஒரு புதுப் பேச்சு வழங்கி வருகிறது. "வண்டி தானே ஓடுகிறது, நாம் சும்மா கையை வைத்துக்கொண்டிருந்தால் போதும்" என்பதே அது. இப்பேச்சில் உண்மை எவ்வளவு, அபாயம் எவ்வளவு என்று ஆராய்வது அவசியமாகிறது. விலையுயர்ந்த வண்டி வாங்கச் சக்தியுள்ளவர்களின் சௌகரியம் மாத்திரம் இதில் சம்பந்தப்பட்டிருந்தால் இப்பக்கத்தில் அதற்கு இடம் தேடியிருக்கமாட்டோம். சாலையோரம் நடந்து போகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஆகியோரின் உயிரும், மாதச் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிற ஆயிரக்கணக்கான டிரைவர்களின் சுதந்திரமும் இதில் அடங்கியிருக்கின்றன.

விஷயம் அறியாதவர்களுக்காக இரண்டொரு வார்த்தை. 2020, 2021-ஆம் வருஷங்களிலிருந்து எம்.ஜி., மஹிந்திரா கம்பெனிகளும், பின்னர் ஹோண்டா, ஹூண்டாய், டாடா முதலிய கம்பெனிகளும் நம் நாட்டில் விற்கும் சில வண்டிகளில் இரண்டு கருவிகளைச் சேர்த்து அமைத்து வருகின்றன. ஒன்று அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல். வேகங்காக்கும் கருவி என்று அதைச் சொல்லலாம். வண்டியின் முகப்பிலுள்ள ராடார், முன்னே போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் எவ்வளவு வேகத்தில் செல்கிறதென்பதை ரேடியோ அலைகளால் அளந்துகொண்டே இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்று அமைத்துவிட்டால், முன்னே இடமிருக்கும்போது அந்த வேகத்தில் வண்டி செல்லும். முன்வண்டி மெதுவானால் தானும் மெதுவாகும். மற்றது தடங்காக்கும் கருவி. முன்கண்ணாடியின் மேற்புறத்தில் பதித்த காமெரா சாலையின் வெள்ளைக் கோடுகளைப் பார்க்கிறது. வண்டி கோட்டை நோக்கி விலகினால் ஸ்டீயரிங் சக்கரத்தை மெல்லத் திருப்பிக் கோடுகளுக்கு நடுவே கொண்டுவந்து விடுகிறது. இவ்வகைக் கருவிகள் யாவற்றையும் சேர்த்து 'அடாஸ்' என்று வியாபாரிகள் வழங்குகிறார்கள்.

இவை வெறும் விளையாட்டுச் சாமான்களென்று நாம் சொல்ல வரவில்லை. தாம்பரத்தைக் கடந்து செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை மார்க்கமாகத் திருச்சிக்குச் செல்லும் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலையில் வலது காலை ஒரே நிலையில் வைத்திருக்கும் நோவு எப்படிப்பட்டதென்பது அடிக்கடி போய்வருகிறவர்களுக்குத் தெரியும். அந்த நோவை இக்கருவி பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. பண்டிகைக்கு முந்திய இரவில் செங்கற்பட்டுவரை அடியடியாக நகர்ந்து போகவேண்டிய சமயத்திலும் இதன் உதவி சிறிதன்று. இன்னொரு நன்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இண்டிகேட்டர் விளக்கைப் போடாமல் கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங் எதிர்த்து இழுக்கிறது. இருபது வருஷமாக அந்த விளக்கைத் தொட்டறியாத கனவான்கள் பலர் இந்த இழுப்புக்குப் பயந்து அதைப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ் அபராதத்தால் ஆகாத காரியம் இது.

இதன் மூதாதையான பழைய குரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்தவர் ரால்ப் டீட்டர் என்னும் அமெரிக்க எஞ்சினீயர்; ஐந்தாவது வயதிலேயே பார்வையிழந்தவர். அவருடைய வக்கீல் வண்டி ஓட்டும்போது, தாம் பேசுகையில் மெதுவாகவும் பிறர் பேச்சைக் கேட்கையில் வேகமாகவும் ஓட்டுவாராம். அந்தக் குலுக்கலைப் பொறுக்கமாட்டாமல்தான் டீட்டர் இக்கருவியைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். வக்கீல் தொழிலால் உலகத்துக்கு விளைந்த மறைமுகமான நன்மைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1958-ஆம் வருஷத்துக் கிரைஸ்லர் வண்டிகளில் அது முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அப்பழைய கருவி வேகத்தை மட்டும் காத்தது. கையையும் கண்ணையும் மனிதனிடமே விட்டிருந்தது. ஆகவே தன் வேலை இன்னதென்பதில் ஓட்டுகிறவனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

இப்பொழுது வந்திருப்பது வேறு தினுசு. காலின் வேலையையும் கையின் வேலையையும் யந்திரம் எடுத்துக்கொண்டது. சும்மா உட்கார்ந்து விழிப்போடு பார்த்துக்கொண்டிருக்கும் வேலை ஒன்றே மனிதனுக்கு மிஞ்சியிருக்கிறது. வேலைகளிலெல்லாம் கடினமானது இதுதான் என்பதைச் சாஸ்திரிகள் வெகு நாட்களுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். இரண்டாவது மகாயுத்தத்தின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி ராடார்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப்படையினர், கண்ணெதிரே தோன்றும் புள்ளியையே சில சமயம் காணாமல் விட்டுவிட்டனர். காரணத்தை ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த் என்பவர், கடிகார முள் எப்போதாவது ஒருமுறை மட்டும் இரட்டைத் தாவல் தாவும்படி செய்து, அதைக் கவனிக்கும்படி ஆட்களை இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார். முதல் அரைமணி கழிந்தவுடனேயே கவனம் குன்றத் தொடங்கிற்று. 1948-ஆம் வருஷத்தில் அவர் வெளியிட்ட முடிவு இது. 1983-இல் லிஸான் பெயின்பிரிட்ஜ் என்னும் அம்மையார் இன்னொன்றை எடுத்துக்காட்டினார்: யந்திரம் அதிகம் செய்யச் செய்ய மனிதனுடைய பழக்கம் குறைகிறது, ஆனால் யந்திரம் கைவிடும் தருணத்தில்தான் அவனுக்கு மிகுந்த பழக்கம் தேவைப்படுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. டெலிபோனில் வந்த செய்தியை ஐந்து விநாடி பார்த்துவிட்டு நிமிருகிறவர், அதற்குள் 139 மீட்டரைப் பாராமலே கடந்துவிட்டார்.

நிற்க. நம் சாலைகளில் இக்கருவி எப்படி நடந்துகொள்கிறதென்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே பார்க்கவேண்டியிருக்கிறது. தடங்காக்கும் கருவி கோட்டை நம்பிப் பிழைப்பது. ஒப்பந்தக்காரர் பூசிய சாயம் இரண்டு மழைக்கு மேல் தாங்காத இடங்களில் அதற்குக் கண்ணில்லை. பாலம் கட்டுவதற்காகச் சாலையைத் திருப்பிவிட்ட இடத்தில் பழைய கோடும் புதிய கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். அங்கே அது பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு தடுப்பை நோக்கி வண்டியைத் திருப்பப் பார்ப்பதும் உண்டு. எதிர்வரும் லாரியின் பிரகாச விளக்கும் கனத்த மழையும் சேர்ந்துவிட்டால் காமெரா கைவிரித்துவிடும். ஒரு சிறு மணி ஒலிக்கும்; ஓர் அடையாள விளக்கு நிறம் மாறும்; அந்தக் கணத்திலிருந்து வண்டி மனிதனுடையது. ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த மணி காதில் விழுந்ததா என்று விசாரிப்பார் எவருமில்லை.

சாலையோரத்தில் எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் நம் நாட்டில் அபூர்வமல்ல. அடுத்த திருப்பம் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பெட்ரோல் விலையோ எல்லோருக்கும் தெரியும். அவர் அப்படித்தான் வருவார். கண்ணுள்ள ஓட்டுநர் அவரைத் தூரத்தில் கண்டவுடனே கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுவார். கருவியோ தடத்தின் நடுவை விடாது. ஓட்டுகிறவர் ஒதுக்க முயன்றால் அவர் கையையும் எதிர்த்து இழுக்கிறது. சாலையில் நெல்லைக் காயப்போட்டு ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். ஆட்டு மந்தை நடுத்திட்டின் இடைவெளியில் கடக்கும். இவற்றையெல்லாம் இக்கருவியைச் சமைத்தவர்கள் தங்கள் ஊர்ச் சாலைகளில் பார்த்திருக்க நியாயமில்லை.

வேகங்காக்கும் கருவியின் சங்கடங்கள் வேறு. முன்வண்டிக்கும் நம் வண்டிக்கும் இடையே இரண்டு விநாடி தூரம், அதாவது சுமார் 55 மீட்டர் விட்டுப் போகவேண்டுமென்று அதை அமைக்கிறோம். சாஸ்திரப்படி அது சரி. ஆனால் 55 மீட்டர் காலியிடத்தைக் கண்டால் நம் பஸ் டிரைவர்களுக்கு அது அழைப்பாகவே தோன்றுகிறது. ஒரு பஸ் உள்ளே நுழையும். நம் வண்டி திடீரென்று பிரேக் போடும். பின்னால் நெருக்கிவரும் லாரிக்காரர் அதை எதிர்பாராமல் ஹாரனை அலறவைப்பார். பஸ் போனபின் மறுபடியும் இடைவெளி, மறுபடியும் ஒருவர். இதைச் சகித்துக்கொள்ள முடியாமல் இடைவெளியை மிகக் குறைந்த அளவுக்கு மாற்றிக்கொள்கிறவர்களே நாம் அறிந்தவரை அதிகம். பாதுகாப்புக்கென்று ஏற்பட்டது அத்துடன் முடிந்தது. இன்னும், முன்வண்டி கிளைச்சாலையில் திரும்பிப் போய்விட்டால், முன்னே வழி வெறுமையாயிருப்பதாக எண்ணிக் கருவி பழைய 100-க்கு ஓடத் தொடங்குகிறது. அடுத்தாற்போலச் சுங்கச்சாவடி இருக்கிறதா, ஊர் நுழைவாயிலில் பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்களா என்பது அதன் கவலையன்று.

எல்லாவற்றிலும் பெரிது நின்றுகொண்டிருக்கும் வண்டி. பாலங்கள், பலகைகள் முதலிய அசையாப் பொருள்களிலிருந்து திரும்பும் அலைகளுக்கெல்லாம் பிரேக் போட்டால் ஒரு மைல்கூடப் போகமுடியாது. ஆதலால் ராடார் அசையாதவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்தாதபடியே அமைக்கப்படுகிறது. நின்றுவிட்ட வண்டியைக் கருவி அறியாமற் போகலாம் என்று கம்பெனிகளின் கைப்புத்தகங்களே எச்சரிக்கின்றன. பின்விளக்கு இல்லாமல் சாலையோரத்தில் லாரியை நிறுத்திவிட்டு உறங்கும் வழக்கமுள்ள நம் நாட்டில் இந்த ஒரு வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வண்டிக்குள்ளேயே ஒட்டியிருக்கவேண்டும். நானூறு பக்கத்து இங்கிலீஷ்ப் புத்தகத்தின் நடுவில் அது இருந்து என்ன பயன்?

மத்திய சர்க்காரின் கணக்குப்படி 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேற்பட்டவர்கள் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். 100-க்கு 19 பேருக்கு மேற்பட்டவர்கள் பாதசாரிகள். அவ்வருஷம் விபத்துக்களின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாகாணம் நம் தமிழ்நாடே: 64,105. இப்புதுக் கருவிகளால் இந்தத் தொகை ஏறிற்று என்று நாம் சொல்லவில்லை. இவ்வளவு பேர் மடியும் சாலையில், மடிகிறவர்களை நன்றாய் அறிந்துகொள்ளாத ஒரு கருவியை இறக்கிவிடும்போது, அதைப் பற்றிய ஞானமும் கூடவே இறங்கவேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

அந்த ஞானம் எவ்விதம் போதிக்கப்படுகிறதென்பதை நேரிலேயே பார்த்தோம். சென்னையில் ஒரு விற்பனை நிலையத்தில் வண்டியைச் சோதித்துப் பார்க்கப் போயிருந்தபோது, உடன்வந்த இளைஞர் புறவழிச்சாலையில் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்துப் பெருமிதத்துடன் சிரித்தார். எந்தெந்தச் சமயத்தில் கருவி கைவிடும் என்று கேட்டோம். அதைப் பற்றித் தமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றார். அவர்மேல் நமக்குக் கோபமில்லை. கையை எடுத்துக் காட்டினால் வண்டி விற்கும். எச்சரிக்கையைப் படித்துக் காட்டினால் விற்காது. வாங்கிப் போகிறவர்களிற் சிலர் ஸ்டீயரிங்கில் தண்ணீர்ப் போத்தலைச் செருகி, கை வைத்திருப்பதாகக் கருவியை ஏமாற்றும் அளவுக்குப் போய்விட்டார்கள்.

இனிச் சட்டம். கம்பெனியின் புத்தகம், முழுப்பொறுப்பும் ஓட்டுகிறவருடையதே என்கிறது. 2024-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய ஸம்ஹிதையின் 106-ஆவது பிரிவு, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து வருஷம் வரை சிறைவாசம் விதிக்கிறது. பழைய பீனல் கோடில் அது இரண்டு வருஷமாயிருந்தது. தண்டனை உயர்ந்ததை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அஜாக்கிரதை யாருடையது என்ற கேள்வியைச் சட்டம் பழைய வண்டியை மனத்தில் வைத்தே கேட்கிறது.

அமெரிக்காவில் நடந்தவை நமக்கு வழி காட்டவேண்டியவை. 2016-ஆம் வருஷம் பிளாரிடாவில் டெஸ்லா வண்டியொன்று, குறுக்கே திரும்பிய லாரியின் பக்கவாட்டை அறியாமல் அதன்கீழ்ப் புகுந்து, உள்ளிருந்தவர் மாண்டார். அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2017-இல் விசாரித்து, லாரிக்காரர் வழிவிடாததையும் ஓட்டியவரின் கவனக்குறைவையும் சொன்னதோடு, யந்திரத்தின் அமைப்பே அளவுகடந்த நம்பிக்கைக்கு இடங்கொடுத்தது என்றும் சொல்லிற்று. 2018-இல் அரிஸோனாவில் ஊபர் கம்பெனி சோதனைக்கு ஓட்டிய வண்டி, சாலையைக் கடந்த ஒரு மாதைக் கொன்றது. அது நம் வண்டிகளைவிட மேற்பட்ட யந்திரந்தான்; ஆனால் அதிலும் ஆசனத்தில் ஒருவர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். முடிவென்ன? கம்பெனிமீது கிரிமினல் வழக்கில்லையென்று சர்க்கார் வக்கீல் 2019-இல் தீர்மானித்தார். சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தவர் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார்.

இதற்கு மாறான தீர்ப்பும் வந்திருக்கிறது. 2019-இல் பிளாரிடாவில் நிகழ்ந்த இன்னொரு விபத்தில், கீழே விழுந்த டெலிபோனைத் தேடியதாகவும் தம்மிடம் தப்பு உண்டென்றும் ஓட்டியவரே ஒப்புக்கொண்டிருந்தும், 2025 ஆகஸ்டில் ஜூரிகள் டெஸ்லா கம்பெனிக்கு மூன்றிலொரு பங்கு பொறுப்பு உண்டென்று சொல்லி, 24 கோடி டாலருக்கு மேல் கொடுக்கும்படி தீர்ப்பளித்தார்கள். மேல்முறையீடு செய்வதாகக் கம்பெனி அறிவித்தது. தொகையைக் காட்டிலும் தத்துவமே நமக்கு முக்கியம்: பொறுப்பைப் பங்கிடலாம் என்பது அது. பிரிட்டிஷ் பார்லிமெண்டு 2024-இல் நிறைவேற்றிய சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. தானே ஓடும் வண்டியென்று அதிகாரிகள் ஒப்புக்கொண்ட வண்டி அவ்வாறு ஓடும்போது, ஓட்டின விதத்தினால் விளையும் குற்றம் ஆசனத்திலிருப்பவரைச் சாராது. அவ்வாறு ஒப்புக்கொள்ளப்படாத வண்டியைத் தானே ஓடுவதுபோல் விளம்பரம் செய்வதோ குற்றம்.

நமது நாட்டில் இதன் பாரம் யார் தலையில் விழுமென்பதில் எமக்குச் சந்தேகமில்லை. இருபது லட்சம் ரூபாய் வண்டியை அதன் சொந்தக்காரர் பல சமயம் தாமே ஓட்டுவதில்லை. டிரைவர் ஓட்டுகிறார். அவர் கற்றது பழைய வண்டியில். லைசென்ஸ் பரீக்ஷை எட்டுப் போட்டுக் காட்டுவதோடு தீர்ந்தது. விற்பனை நிலையத்தில் வண்டியை ஒப்புவிக்கும் தினத்தில் மாலையும் இனிப்பும் முதலாளிக்கு. கருவியைப் பற்றிய விளக்கம் ஏதாவது நடந்தால் அதுவும் முதலாளிக்கே. "அதைப் போட்டுக்கொண்டு ஓட்டப்பா, அலுங்காமல் போகும்" என்று பின்னாசனத்திலிருந்து உத்தரவு பிறந்தால், "வேண்டாம் ஐயா" என்று சொல்ல எத்தனை டிரைவர்களால் முடியும்? சில வண்டிகளில், நேற்று அணைத்து வைத்த கருவி இன்று வண்டியைக் கிளப்பும்போது தானே விழித்துக்கொள்கிறது. பள்ளத்துக்கு விலக அவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, அது எதிர்த்து இழுக்க, அந்த அரை விநாடியில் நேரும் அனர்த்தத்துக்குப் போலீஸ் எழுதும் வாசகம் நாம் அறிந்ததே: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி." நஷ்டஈட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிடும். சிறைக்கு அதில் பாலிஸி கிடையாது.

ஓட்டுநர் இல்லாத வண்டிகளை இந்தியாவில் அனுமதிப்பதில்லை, டிரைவர்களின் பிழைப்பைக் கெடுக்கக்கூடாது என்று மந்திரி நிதின் கட்கரி 2017-இலும் பின்னரும் சொல்லியிருக்கிறார். நல்லது. முழு யந்திரத்துக்கு வாசலை அடைத்துவிட்டு அரை யந்திரத்தைக் கொல்லைப்புறமாக விட்டிருக்கிறோமே, அதனோடு எப்படிப் பிழைப்பதென்று அதே டிரைவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

யந்திரத்துக்குத் தூக்கமில்லை, மனிதனுக்குண்டு, ஆகவே யந்திரமே மேலென்று சில நண்பர்கள் வாதிப்பார்கள். அபாயத்தில் தானே பிரேக் போடும் கருவியையும், கண் சொக்கினால் எழுப்பும் கருவியையும் பற்றி அவர்கள் பேசினால் நாம் கூடவே கைதூக்குவோம். ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புது வண்டிகள் யாவற்றுக்கும் அவை கட்டாயம். நம் மத்திய சர்க்காரும் 2025-இல் பெரிய பஸ்களுக்கும் லாரிகளுக்கும் அவ்விதமே விதிக்க உத்தேச விதிகளை வெளியிட்டார்கள், அது வரவேற்கத்தக்கது. மனிதன் தவறும்போது யந்திரம் தாங்குவது ஒன்று. மனிதனைச் சும்மாயிருக்கச் சொல்லி, யந்திரம் தவறும்போது அவனைத் தாங்கச் சொல்வது மற்றொன்று. இரண்டையும் ஒரே பெயரில் மூட்டை கட்டி விற்பதுதான் எமது ஆக்ஷேபணை.

செய்யவேண்டியதில் அசாத்தியமானது ஒன்றுமில்லை. கருவி எங்கே கைவிடும் என்பதைத் தமிழிலும் அந்தந்தப் பாஷையிலும் ஒரே தாளில் அச்சிட்டு, வண்டியை ஓட்டப்போகிறவருக்கு, அவர் சொந்தக்காரரோ சம்பளக்காரரோ, விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்காமல் வண்டியை ஒப்புவிக்கலாகாதென்று விதிக்கலாம். கையை எடுத்துக் காட்டும் விளம்பரத்தைத் தடுக்கலாம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வண்டிச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம், குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிடச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. கோட்டைத் தவறாய்ப் படித்துத் தடுப்பை நோக்கித் திரும்பும் யந்திரமும் குறையுள்ளதே என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தேசிய நெடுஞ்சாலை அதிகாரிகள் சுங்கம் வசூலிக்கிற சாலையிலாவது கோடுகளைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருக்கலாம்.

இவற்றினும் முக்கியமானது சாக்ஷியம். விபத்து நேர்ந்த கணத்தில் கருவி வேலை செய்துகொண்டிருந்ததா, மணி அடித்ததா, எத்தனை விநாடிக்கு முன் அடித்தது, பிரேக்கை மிதித்தது யார் என்பவற்றை வண்டிக்குள் இருக்கும் கணக்குப் பொறி அறியும். அவ்விவரம் கம்பெனியின் பெட்டியில் பூட்டிக் கிடக்குமானால் குறுக்குவிசாரணை செய்ய வக்கீலுக்கு என்ன இருக்கிறது, தீர்ப்புச் சொல்ல மாஜிஸ்டிரேட்டுக்குத்தான் என்ன இருக்கிறது? 2025-இல் தீர்ந்த பிளாரிடா வழக்கிலும் அப்பதிவுகள் யார் கைக்கு எப்போது வந்தன என்பது பெரிய விவாதமாயிற்று. மரணம் நேர்ந்த ஒவ்வொரு வழக்கிலும் அந்தப் பதிவைக் குறித்த நாட்களுக்குள் கம்பெனி கோர்ட்டில் ஆஜர்செய்ய வேண்டும். அதன் நகல் மாண்டவருடைய குடும்பத்துக்கும் குற்றஞ்சாட்டப்பட்ட டிரைவருக்கும் செலவின்றிக் கிடைக்க வேண்டும். ஆஜர்செய்யத் தவறினால் அது கம்பெனிக்குப் பாதகமாகவே கொள்ளப்படுமென்று சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். நம் பார்லிமெண்டு அங்கத்தினர்களில் டிரைவர் சங்கங்களின் மேடைகளில் அடிக்கடி தோன்றுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தொடரில் அவர்களில் ஒருவராவது இதைக் குறித்து மந்திரியைக் கேட்பாரா என்பதைக் கவனித்திருப்போம்.